ஸ்டவுட்டையும் சாக்லேட் கேக்கையும் யார் முடிச்சுப் போட்டது?

கடுங்காப்பி எழுதியது:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம். எந்த பீருக்கு எந்தச் சாப்பாடு என்று சொல்லும் எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் ஸ்டவுட் என்ற பெயருக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு "சாக்லேட் கேக்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நான் சொல்வது ஐரிஷ் ட்ரை ஸ்டவுட்டை, அந்த 4 சதவீதச் சொச்சம் ஆல்கஹால் உள்ள மெலிந்த கறுப்பு பீரை. கேக்கை ஒரு வாய் தின்றுவிட்டு இதைக் குடித்தால் பீரில் இருந்த காப்பி வாசனை, வறுத்த தானியச் சுவை எல்லாம் போய் வெறும் புளிப்பும் கரிக்கசப்பும்தான் மிஞ்சுகிறது. கேக்கும் கெடுகிறது, ஆனால் அதிகம் கெடுவது பீர்தான். "சாக்லேட் வாசனை வருகிறது, அதனால் சாக்லேட்டோடு சேரும்" என்பது காகிதத்தில் சரி, நாக்கில் சரியில்லை என்பது என் கட்சி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

நுரைப்பிரியன் எழுதியது:

கட்சியே தப்பு பாஸ். ஸ்டவுட்டும் சாக்லேட்டும் அருமையாகச் சேரும், நீங்கள் எடுத்த ஸ்டவுட்தான் தப்பு. இம்பீரியல் ஸ்டவுட்டை, அந்த 10 சதவீத வாக்கில் ஆல்கஹால் உள்ள கனத்த வகையை, அதே கேக்கோடு வைத்துப் பாருங்கள்.

கடுங்காப்பி எழுதியது:

அதைத்தானே நானும் சொல்கிறேன். பட்டியலில் "ஸ்டவுட்" என்று மொட்டையாகப் போட்டால் படிக்கிறவன் கையில் கிடைத்ததை வாங்குவான். கிடைப்பது பெரும்பாலும் ட்ரை ஸ்டவுட்தான்.

வறுத்தபார்லி எழுதியது:

இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறீர்கள், சண்டை போடுவது போலத் தெரிகிறது, அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு நிறம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ட்ரை ஸ்டவுட்டில் போடும் தானியத்தில் பெரும்பகுதி வெளிறிய சாதாரண மால்ட்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கருக வறுத்த பார்லி சேர்த்தாலே மொத்தமும் கறுத்துவிடும். 1817-இல் டேனியல் வீலர் என்பவர் லண்டனில் மால்ட் வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். தானியம் தீப்பிடிக்காமல் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கறுப்பாக்க முடியும் என்று ஆன பிறகு போர்ட்டர் (ஸ்டவுட்டுக்கு மூத்த கறுப்பு பீர்), ஸ்டவுட் காய்ச்சுகிறவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. அதற்கு முன்னால் பழுப்பு மால்ட்டைக் கூடை கூடையாகப் போட வேண்டியிருந்தது, அதில் சர்க்கரை கிடைப்பதும் குறைவு. இப்போது நிறத்துக்கும் வாசனைக்கும் ஒரு கைப்பிடி கறுப்பு, சர்க்கரைக்கு வெளிறிய மால்ட் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். ஆக, நிறத்தை வைத்து ஒரு பீர் கனமா, தித்திப்பா, போதையா என்று எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது அந்தப் புளிப்பு. கருக வறுத்த தானியம் அமிலத்தன்மை உள்ளது, மாவைக் கரைக்கும் தண்ணீரின் பிஎச் அளவை இறக்கிவிடும். டப்ளினிலும் லண்டனிலும் கார்பனேட் நிறைந்த கடினத் தண்ணீர், அது அமிலத்தைச் சமன் செய்துகொள்ளும். அந்த இரண்டு ஊர்களிலும் கறுப்பு பீர் செழித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெளிறிய பீர் காய்ச்சினால் அதே தண்ணீர் சொரசொரவென்று கசப்பைக் கிளப்பும்.

இப்போது கேக் விஷயம். ட்ரை ஸ்டவுட்டில் ஈஸ்ட் சர்க்கரையை அநேகமாகத் துடைத்துவிடும், முடிவு அடர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்தால், பீரில் மிஞ்சிய சர்க்கரையைக் காட்டும் அளவு) 1.007 முதல் 1.011 வரைக்கும்தான் இருக்கும். இம்பீரியல் ஸ்டவுட்டில் 1.018-இலிருந்து 1.030 வரை போகும். நாக்கில் கேக்கின் சர்க்கரை படிந்திருக்கும்போது பீரில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தித்திப்பும் கணக்கில் வராது. தித்திப்பைக் கழித்துவிட்டால் ட்ரை ஸ்டவுட்டில் என்ன மிச்சம்? அமிலமும் கசப்பும். கடுங்காப்பி சொன்ன "வெறும் புளிப்பும் கரிக்கசப்பும்" அதுதான், அவர் நாக்கில் குறை ஒன்றும் இல்லை. இனிப்புப் பண்டத்தோடு வைக்கிற பானம் அந்தப் பண்டத்தைவிடத் தித்திப்பாக, குறைந்தது அதற்குப் பக்கத்திலாவது இருக்க வேண்டும். ஒயின்காரர்கள் இதை எப்போதோ பிடித்துவிட்டார்கள், பீர்க்காரர்கள்தான் இன்னும் வாசனையைப் பிடித்துத் தொங்குகிறோம்.

புதுமுகம்22 எழுதியது:

நடுவில் ஒரு சின்னக் கேள்வி, சிரிக்காதீர்கள். கறுப்பு பீர் என்றால் வயிறு திம்மென்று இருக்கும், கலோரி அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது அப்போ பொய்யா?

நுரைப்பிரியன் எழுதியது:

பிரபலமான ட்ரை ஸ்டவுட்டான கின்னஸ் ட்ராஃப்ட் 4.2 சதவீதம். சாதாரண மஞ்சள் லாகர் பலவும் 5 சதவீதம். பீரில் கலோரி பெரும்பாலும் ஆல்கஹாலிலிருந்தும் மிஞ்சிய சர்க்கரையிலிருந்தும்தான் வருகிறது, இரண்டும் இதில் குறைவு. கனமாகத் தோன்ற வைப்பது அந்த நுரை. 10 சதவீத இம்பீரியலுக்கு இந்தச் சமாதானம் செல்லாது, அது நிஜமாகவே கனம்தான்.

சிப்பிக்காரி எழுதியது:

சாக்லேட்டை விடுங்கள். ட்ரை ஸ்டவுட்டுக்கு உண்மையான ஜோடி பச்சைச் சிப்பிதான். லண்டனில் விக்டோரியா காலத்தில் சிப்பி ஏழைகளின் தீனி, போர்ட்டரும் ஸ்டவுட்டும் உழைப்பாளிகளின் பானம், இரண்டும் ஒரே மேசையில் வந்து உட்கார்ந்தது தற்செயல். ஆனால் நிலைத்ததற்குக் காரணம் தற்செயல் இல்லை.

ஒரு சிப்பியைத் திறந்து, உள்ளே இருக்கும் உப்புத்தண்ணீரைச் சிந்தாமல் அப்படியே வாயில் விட்டு, இரண்டு தடவை மென்று விழுங்குங்கள். விழுங்கிய உடனே குடிக்காதீர்கள், ஒரு மூச்சு விடுங்கள். நாக்கு முழுக்கக் கடல் உப்பு இருக்கும், அடியில் ஒரு வழவழப்பு. அப்போது ஒரு மிடறு ஸ்டவுட். முதலில் கசப்பு வரும் என்று எதிர்பார்த்தால் வராது, வறுத்த ரொட்டியின் மேலோடு போல ஒரு வாசனை முதலில் வரும், கசப்பு கடைசியில் தலையைக் காட்டிவிட்டுப் போய்விடும். எலுமிச்சை பிழிந்தால் இது நடக்காது, தயவுசெய்து பிழியாதீர்கள்.

கடுங்காப்பி எழுதியது:

நீங்கள் சொல்கிற விதத்தில் நம்பத் தோன்றுகிறது, ஆனாலும் கேட்கிறேன். இது பழக்கத்தால் பிடிப்பதா, அல்லது நிஜமாகவே ஏதாவது நடக்கிறதா?

வறுத்தபார்லி எழுதியது:

நடக்கிறது. உப்பில் இருக்கும் சோடியம் கசப்பை அமுக்கும். காப்பியில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். கசப்பு அமுங்கினால் அதற்கு அடியில் ஒளிந்திருந்த வாசனையும் லேசான தித்திப்பும் மேலே வரும். ட்ரை ஸ்டவுட்டில் ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்பு 25 முதல் 45 ஐபியு (பீர்க் கசப்பை அளக்கும் அலகு), அதன் மேல் வறுத்த தானியத்தின் கசப்பு வேறு, ஆகவே உப்புக்கு நிறைய வேலை இருக்கிறது. எலுமிச்சையை வேண்டாம் என்று அவர் சொன்னதும் சரியே, பீரில் ஏற்கெனவே புளிப்பு இருக்கும்போது இன்னொரு புளிப்பு எதற்கு. வினிகர் ஊற்றிய சாலடுக்கும் ட்ரை ஸ்டவுட்டுக்கும் ஆகாமல் போவது இதே காரணத்தால்தான்.

உப்பு வழி தெரிந்துவிட்டால் பாக்கி ஜோடிகள் தானாக வரும். உப்புக்கண்டம் போட்ட பன்றி இறைச்சி, நன்கு முதிர்ந்த செடார் சீஸ், புகைபோட்ட இறைச்சி எல்லாம் இதற்குள் அடங்கும்.

அடுப்புக்கரி எழுதியது:

சிப்பிக் கதை கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். அதே தர்க்கம் என்றால் மீனெல்லாம் சேர வேண்டுமே? எண்ணெய் உள்ள மீன், மத்தி கானாங்கெளுத்தி வகை, ஸ்டவுட்டோடு எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. இரும்பை நக்கியது போல ஒரு பின்சுவை.

என் வாக்கு தணலில் சுட்ட மாட்டிறைச்சிக்கு. இறைச்சியின் மேல் கருகிப் பொரிந்த ஓடு, பீரில் இருக்கும் வறுத்த பார்லி, இரண்டும் ஒரே வேதியியல். சூட்டில் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்கும் மெய்லார்ட் வினையில் உண்டாகும் பைரசீன் வகை வாசனைகள் காப்பியிலும் கோகோவிலும் ரொட்டி மேலோட்டிலும் சுட்ட இறைச்சியிலும் இருக்கின்றன, கறுப்பு மால்ட்டிலும் இருக்கின்றன. வாசனை ஒத்துப்போகிறது என்று சாக்லேட்டைச் சொன்னவர்கள் இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் இறைச்சியில் சர்க்கரைத் தொல்லை இல்லை. ஆனால் தித்திப்பு பார்பெக்யூ சாஸ் பூசினால் கேக் கதைதான், அதற்கு வேறு பீர் எடுங்கள்.

சிப்பிக்காரி எழுதியது:

மத்தி விஷயத்தில் முழுச் சம்மதம். நண்டு, இறால், மஸ்ஸல் வரைக்கும் சரி, எண்ணெய் மீன் என்றால் நானும் விலகிவிடுவேன்.

புதுமுகம்22 எழுதியது:

காரம்? மிளகாய்க் காரம் உள்ள சாப்பாட்டோடு எந்த ஸ்டவுட் போகும்?

நுரைப்பிரியன் எழுதியது:

மில்க் ஸ்டவுட். அதில் லாக்டோஸ் சேர்ப்பார்கள், பாலில் இருக்கிற சர்க்கரை. பீர் ஈஸ்ட் அதைத் தொட முடியாது, அப்படியே பீரில் தங்கிவிடும். ரொம்பத் தித்திப்பாகவும் இருக்காது, வெள்ளைச் சர்க்கரையோடு ஒப்பிட்டால் லாக்டோஸுக்குத் தித்திப்பு ரொம்பக் குறைவு, பீரின் கனம் மட்டும் கூடும். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் மெக்கஸன் என்ற பீர் ஆலை 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் இந்த வகையின் முன்னோடி. காரத்துக்கு அந்த வழவழப்பு நல்ல மருந்து. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் பார்த்து எடுங்கள், லாக்டோஸ் லாக்டோஸ்தான்.

இம்பீரியலை மட்டும் காரத்தோடு வைக்காதீர்கள். ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும், 50-க்கு மேல் ஐபியு கசப்பு அதற்கு விசிறி வீசும். ஒரு வாய்க்குப் பிறகு எதைச் சாப்பிட்டோம் எதைக் குடித்தோம் என்றே தெரியாது.

அடுப்புக்கரி எழுதியது:

ஓட்மீல் ஸ்டவுட்டை ஏன் யாரும் சொல்லவில்லை? ஓட்ஸ் சேர்த்தால் அதில் இருக்கும் பீட்டா குளூக்கன் என்ற வழவழப்பான நார்ச்சத்து காரணமாகப் பட்டுப்போல ஒரு நயம் வரும், கசப்பின் முனை மழுங்கும். ட்ரை ஸ்டவுட் கரடுமுரடாக இருக்கிறது, மில்க் ஸ்டவுட் தித்திக்கிறது என்கிறவர்களுக்கு இதுதான் நடுவழி. காளான் வதக்கல், வெண்ணெயில் வாட்டிய வெங்காயம், வறுத்த கோழி என்று நடுத்தரமான எதற்கும் இடைஞ்சல் இல்லாமல் போகும். இந்த வகை ஏறக்குறைய வழக்கொழிந்து போனபோது 1980-இல் யார்க்‌ஷயரின் சாமுவேல் ஸ்மித் பீர் ஆலை மறுபடி காய்ச்ச ஆரம்பித்தது, அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

பானைக்காரன் எழுதியது:

சேர்த்துக் குடிப்பது பற்றியே பேசுகிறீர்கள், உள்ளே ஊற்றிச் சமைப்பது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்டவுட் ஊற்றிய மாட்டிறைச்சிக் குழம்பு செய்யும்போது நிறைய பேருக்குக் கடைசியில் கசந்துவிடுகிறது, பீர் சரியில்லை என்று பழி போடுகிறார்கள். கசப்புக்குக் காரணம் வற்றவிடுவது. தண்ணீரும் ஆல்கஹாலும் ஆவியாகும், ஹாப்ஸின் கசப்பு ஆவியாகாது, பாத்திரத்திலேயே தங்கிச் செறிவாகும். அரை லிட்டர் பீரைக் கால் லிட்டராக வற்ற வைத்தால் கசப்பு அப்படியே இரட்டிப்பு.

நான் செய்வது: இறைச்சித் துண்டுகளைத் துடைத்து ஈரம் போக்கி, மாவு புரட்டி, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல சூட்டில் நாலு பக்கமும் சிவக்கவிட்டு எடுத்துவைத்துக்கொள்வேன். அதே பாத்திரத்தில் வெங்காயம் நிறையப் போட்டு அடியில் ஒட்டியிருப்பதெல்லாம் கிளம்பிவரும் வரை நிதானமாக வதக்கவேண்டும், இந்த இடத்தில் அவசரப்பட்டால் குழம்புக்குத் தித்திப்பே வராது. அப்புறம் ஸ்டவுட் ஒரு பங்கு, இறைச்சி வேகவைத்த சாறு ஒரு பங்கு, கேரட், விதை நீக்கிய உலர்ந்த பிளம் நாலைந்து. மூடி போட்டு மிகச் சிறிய தீயில், தளதளவென்று கொதிக்காமல், இரண்டரை மணி நேரமாவது. மூடியைத் திறந்து வற்ற வைக்க வேண்டாம், கெட்டிப்படுத்த மாவு போதும். பிளம்மும் வெங்காயமும் கசப்பைத் தாங்கிப் பிடிக்கும். சிலர் இதற்கு இம்பீரியல் ஊற்றுகிறார்கள், வீண் வேலை, அதை டம்ளரில் ஊற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, காப்பி, வெனிலா, மிளகாய் என்று வாசனை சேர்த்த ஸ்டவுட்டைக் குழம்பில் ஊற்றாதீர்கள்.

கடுங்காப்பி எழுதியது:

உலர் பிளம் யோசனைக்கு நன்றி. சரி, நான் தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். கேக்குக்கு இம்பீரியல் என்றார் நுரைப்பிரியன். எனக்கு அதிலும் முழுத் திருப்தி இல்லை. பால் சாக்லேட், க்ரீம் எல்லாம் சேர்ந்த கேக்கோடு 10 சதவீத பீர் என்றால் தேனில் வெல்லம் கரைத்தது மாதிரி, மூன்றாவது வாயில் திகட்டிவிடும்.

வறுத்தபார்லி எழுதியது:

உங்களோடு ஒத்துப்போகிறேன். இம்பீரியலுக்குச் சாக்லேட் வேண்டுமென்றால் 70 சதவீதத்துக்கு மேல் கோகோ உள்ள கறுப்புக் கட்டி ஒரு துண்டு போதும், கேக் வேண்டாம். ஆனால் அதன் நிஜமான ஜோடி நீலப் பூஞ்சை படரவிட்ட நீல சீஸ் என்பேன், அதிலும் இங்கிலாந்தின் ஸ்டில்டன். உப்பு கசப்பை அமுக்கும் கதை மறுபடி இங்கே வருகிறது, கூடவே சீஸின் கொழுப்பு ஆல்கஹால் எரிப்பைத் தணிக்கிறது, பீரின் தித்திப்பு சீஸின் காட்டத்தைச் சமாளிக்கிறது. இரண்டுமே முரட்டு ஆசாமிகள், ஒருவரை ஒருவர் அடித்து வீழ்த்த முடியாது. மெல்லிய சீஸ் எதையும் இம்பீரியல் தின்று ஏப்பம் விட்டுவிடும்.

இம்பீரியல் ஸ்டவுட் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டன் சதர்க்கில் த்ரேல் குடும்பத்தின் ஆங்கர் ஆலையிலிருந்து ரஷ்ய அரசவைக்குக் கப்பலேறியது, பேரரசி காத்தரின் காலம். ஆலை பிறகு பார்க்லே பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. நிறையத் தானியமும் நிறைய ஹாப்ஸும் போட்டதால் நெடுநாள் வைத்திருந்தாலும் தாங்கியது. சிறு கோப்பையில், சாப்பாடு முடிந்த பிறகு, ஸ்டில்டன் ஒரு துண்டோடு வைப்பதுதான் அதற்கு மரியாதை.

நுரைப்பிரியன் எழுதியது:

சரி, கேக்கில் தோற்றுவிட்டேன், வெனிலா ஐஸ்க்ரீமில் தோற்கமாட்டேன். வெனிலா ஐஸ்க்ரீம் ஒரு கரண்டி, மேலே இம்பீரியலோ மில்க் ஸ்டவுட்டோ ஊற்றுங்கள். ஐஸ்க்ரீமில் சாக்லேட்டின் கசப்பு இல்லை, கசப்பும் வறுத்த வாசனையும் முழுக்க பீரின் பொறுப்பு, அதனால் மோதல் இல்லை.

கடுங்காப்பி எழுதியது:

இதை ஏற்றுக்கொள்கிறேன், வாதாட மனமில்லை.

சிப்பிக்காரி எழுதியது:

வெப்பநிலை பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன், நானே சொல்லிவிடுகிறேன். இத்தனை ஜோடி பேசியும் பீரை உறைபனிக் குளிரில் எடுத்துவந்தால் எல்லாம் வீண். குளிரில் வாசனை எழாது, கசப்பும் துவர்ப்பும் மட்டும் எடுப்பாகத் தெரியும். ட்ரை ஸ்டவுட் 8, 10 டிகிரி, இம்பீரியல் 13, 14 டிகிரி என்பது என் அளவு. இம்பீரியலைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரைமணி நேரம் மேசையில் வைத்தாலே வேறு பீர் ஆகிவிடும்.

அடுப்புக்கரி எழுதியது:

அதோடு நைட்ரஜன் விஷயமும். குழாயில் வருவதும், உள்ளே உருண்டை வைத்த டின்னில் வருவதும் நைட்ரஜன் கலந்தவை. கின்னஸ் 1959-இல் குழாய்க்கு அதைக் கொண்டுவந்தது, டின் 1988-இல் வந்தது. நைட்ரஜன் பீரில் எளிதில் கரையாது, குமிழ் பொடிப்பொடியாக வரும், நுரை நிற்கும், கார்பன் டையாக்சைடின் சுருக்கென்ற கடி குறையும். தனியாகக் குடிக்க அருமை. ஆனால் எண்ணெயில் பொரித்ததோடும் கொழுப்பு இறைச்சியோடும் எனக்கு அந்தக் கடி வேண்டும், அதுதான் நாக்கில் படிந்த கொழுப்பைக் கழுவும். அதனால் சாப்பாட்டோடு என்றால் நைட்ரஜன் கலக்காமல் புட்டியில் வரும் எக்ஸ்ட்ரா ஸ்டவுட், தனியாக என்றால் நைட்ரோ. ஒரே பெயர் போட்ட இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள், ஒரே பீர் என்று சொல்லமாட்டீர்கள்.

புதுமுகம்22 எழுதியது:

அந்தக் குமிழ்கள் கீழே இறங்குவது போலத் தெரிகிறதே, அது கண் மயக்கமா?

வறுத்தபார்லி எழுதியது:

நிஜமாகவே இறங்குகின்றன. கோப்பை மேலே அகன்று கீழே குறுகி இருப்பதால் குமிழ்கள் மேலே ஏறும்போது சுவரை விட்டு விலகி நடுப்பக்கம் கூடுகின்றன, நடுவில் பீர் மேலே ஓடுகிறது, ஓரத்தில் கீழே ஓடுகிறது, ஓரத்துச் சிறு குமிழ்களையும் இழுத்துக்கொண்டு போகிறது. லிமரிக் பல்கலைக்கழகத்தினர் 2012-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கோப்பையின் வடிவம் தலைகீழாக இருந்தால் ஓரத்துக் குமிழும் மேலேதான் போகும்.

பானைக்காரன் எழுதியது:

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். வருடக்கணக்கில் வைத்திருந்த இம்பீரியல் ஒன்றைத் திறந்தால் சோயா சாஸ் வாடை. கெட்டுவிட்டதா?

வறுத்தபார்லி எழுதியது:

உடம்புக்குக் கெடுதல் இல்லை. செத்த ஈஸ்ட் செல்கள் உடைந்து கரைந்தால் அந்தச் சோயா வாடை வரும், அதோடு காற்றுப் பட்டு ஷெர்ரி ஒயின் போலவும் உலர்திராட்சை போலவும் ஆகியிருக்கும். லேசாக இருந்தால் அது முதிர்ச்சி, நீல சீஸோடு இன்னும் நன்றாகவே போகும். சோயா மட்டும்தான் தெரிகிறது என்றால் சாப்பாட்டு மேசைக்கு அது உதவாது.

பானைக்காரன் எழுதியது:

சோயா மட்டும்தான் தெரிகிறது.

நுரைப்பிரியன் எழுதியது:

அப்போ குழம்பில் ஊற்றுங்கள். இரண்டு மேசைக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம், உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள்.